கிராஃப்ட்ஸ்மேன் மரச்சாமான்களை மறுபடி செய்யும் பட்டறைகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பட்டறை உரிமையாளர்களுக்கும் வடிவமைப்பாளர்களுக்கும்,

வணக்கம். அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் சிரக்யூஸ் வட்டாரத்தில் மரச்சாமான் தயாரிப்பாளர் கஸ்டாவ் ஸ்டிக்லியும் அவருடைய தம்பிகளும் 1900 முதல் கிராஃப்ட்ஸ்மேன் எனும் பாணியில் செய்த ஓக் நாற்காலிகளையும் மேசைகளையும் அலமாரிகளையும் இன்றைய வீடுகளுக்காக நீங்கள் மறுபடி செய்கிறீர்கள். மகிழ்ச்சி. கஸ்டாவின் தொழில் 1915-இல் திவாலாகிப் போனது. தம்பிகளின் பெயரில் நின்ற எல். அண்ட் ஜே.ஜி. ஸ்டிக்லி நிறுவனம் 1989-இல் இந்த வடிவங்களைத் திரும்பக் கொண்டுவந்தது. அதற்குப் பின் கடைகளுக்கு வந்த பிரதிகள் ஏராளம். அவற்றில் பல, எங்களைப் போன்ற தச்சர்களிடம் பழுதுபார்க்க வரும்போதுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டுகின்றன. அதனால்தான் இந்த மடல்.

எங்கள் கோரிக்கை ஒன்றே: வெளியே தெரிகிற இணைப்பு உள்ளேயும் இருக்கட்டும்.

காலைத் துளைத்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முளைதான், அதாவது குறுக்குச் சட்டத்தின் முனையில் செதுக்கிய நாக்குதான், இந்தப் பாணியின் முகம். பல பிரதிகளில் அது காலின் மேல் பசைபோட்டு ஒட்டிய வெறும் மரத்துண்டு. உள்ளே டவல் எனப்படும் இரண்டு உருளை மரக்குச்சிகளோ ஒரு திருகாணியோ மட்டும். நாற்காலியில் சாய்ந்து எழும் ஒவ்வொரு முறையும் அந்த இணைப்பு பக்கவாட்டில் அசைகிறது. முதலில் டவல் தளரும், பிறகு ஒட்டிய துண்டு உதிரும். உண்மையான முளையை மர ஆணியால் பூட்டும்போது, முளையிலுள்ள ஆணித்துளையைக் காலின் துளைக்கு நேராகப் போடாமல் தோள்பக்கம் (முளை சட்டத்தில் தொடங்கும் பக்கம்) ஏறத்தாழ 1 மி.மீ. தள்ளிப் போடுங்கள். ஆணி இறங்கும்போதே இணைப்பை இழுத்து இறுக்கும். பசை விட்டாலும் நாற்காலி நிற்கும்.

வெளியே நீளும் பகுதியில் துளையிட்டு ஆப்பு வைத்த முளையில் வேறொரு பிழை நடக்கிறது. ஆப்புத் துளையின் உள்விளிம்பு காலின் வெளிமுகத்துக்கு 2 மி.மீ. உள்ளே இருக்க வேண்டும். சரியாக அதே மட்டத்தில் வெட்டினால் ஆப்பு முளையைத்தான் இறுக்கும், காலை இழுக்காது. துளைக்கு அப்பால் முளையில் மரம் குறைவாக விட்டாலோ, ஆப்பை அடிக்கும்போது நார் பிளந்து துண்டாக வந்துவிடும். இந்த இணைப்பு அலங்காரத்துக்காகப் பிறந்ததல்ல. பசையில்லாமல் பூட்டிக் கழற்றலாம் என்பதால் குறுகிய மாடிப்படி உள்ள அடுக்ககங்களுக்கு இன்று இதைவிடப் பொருத்தமானது கிடையாது.

மரத்துக்கு வருவோம். வெள்ளை ஓக் ஆரவாக்கில், அதாவது மரத்தின் நடுவிலிருந்து பட்டையை நோக்கிய போக்கில், அறுக்கப்பட்டால்தான் அந்த மினுக்கும் திட்டுகள் பலகையில் தெரியும். அழகு மட்டுமல்ல காரணம். பச்சை மரம் முழுதாக உலரும்போது வெள்ளை ஓக் ஆரவாக்கில் சுமார் 5.6 சதவீதம் சுருங்குகிறது, வளர்ச்சி வளையத்தின் போக்கில் 10.5 சதவீதம். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் இறங்கினால், 1 மீட்டர் அகல மேசைப்பலகை ஆரவாக்கில் அறுத்ததென்றால் ஏறத்தாழ 7 மி.மீ. குறுகும், சாதாரணமாக அறுத்ததென்றால் 14 மி.மீ.க்கு மேல். அந்தப் பலகையை அடிச்சட்டத்தில் அசையாமல் திருகி வைத்தால் நடுவில் வெடிக்கும்.

காலில் இன்னொரு சிக்கல். ஆரவாக்கில் அறுத்த கட்டையிலும் இரண்டு முகங்களில்தான் திட்டு தெரியும். கஸ்டாவின் பட்டறை மற்ற இரு முகங்களிலும் வெனீர் எனும் மெல்லிய மரத்தகடு ஒட்டியது. தம்பி லியோபோல்ட் ஸ்டிக்லி நான்கு துண்டுகளை மூலையில் பூட்டி, நடுவில் சிறு கட்டை வைத்து, நான்கு முகமும் ஒன்றுபோல் ஆக்கினார். இரண்டாவது வழியைப் பின்பற்றுங்கள். வெனீரின் ஓரம் காலப்போக்கில் தூக்கும்.

நிறத்தில்தான் அதிகம் ஏமாற்றம். பழைய சாமான்களின் ஆழ்ந்த பழுப்பு, அம்மோனியா ஆவி மரத்தில் இயல்பாக உள்ள டானின் என்ற பொருளோடு வினைபுரிந்ததால் வந்தது. காற்றுப் புகாத கூடாரத்தில் 26 சதவீத அம்மோனியாக் கரைசலைத் தட்டுகளில் வைத்து ஒன்றிரண்டு நாள் விட வேண்டும். கூடவே அதே மரத்தின் மாதிரித் துண்டுகளை வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துதான் நேரத்தை முடிவு செய்யலாம். பட்டையை ஒட்டிய வெளிறில் நிறம் பிடிக்காது, நடுவிலுள்ள வைரப்பகுதி மட்டுமே கறுக்கும்; வெளிறை முன்பே அறுத்துத் தள்ளுங்கள். வெவ்வேறு மரத்துப் பலகைகள் வெவ்வேறு நிறம் ஏறும் என்பதால் ஒரு மேசைக்கு ஒரே மரத்துப் பலகைகள் வேண்டும். பசை வழிந்த இடம் வெளுத்துத் தெரியும். கூடாரத்தைத் திறப்பவர் அம்மோனியாவுக்கான வடிகட்டி பொருத்திய முழுமுகக் கவசம் இல்லாமல் நெருங்கவே கூடாது. கண்ணும் நுரையீரலும் போய்விடும். இந்தப் பாதுகாப்பு ஏற்பாடு உங்களிடம் இல்லையென்றால் சாயமே போடுங்கள், அதில் குறையில்லை. ஆனால் அதைச் சாயம் என்றே சொல்லுங்கள்.

அளவுகளை மாற்றுவதில் எங்களுக்கு மறுப்பில்லை. கட்டிலை 60க்கு 80 அங்குல மெத்தைக்கு அகலப்படுத்துங்கள். ஆனால் நடுவில் தரையைத் தொடும் ஒரு தாங்குகால் சேருங்கள், இல்லையேல் குறுக்குச் சட்டங்கள் தொய்யும். இன்றைய மெத்தைகள் தடிமன் என்பதால் பக்கச்சட்டத்தையும் தாழ்த்த வேண்டும். தொலைக்காட்சி அலமாரியில் கம்பிக்கும் வெப்பத்துக்கும் பின்பலகையில் வழி விடுங்கள்.

கடைசியாக, ஒவ்வொரு சாமானின் அடியிலும் மூன்று விவரம் அச்சிடுங்கள்: பலகை எவ்வாக்கில் அறுத்தது, முளை முழுதா ஒட்டியதா, நிறம் ஆவியாலா சாயத்தாலா. கஸ்டாவ் தம் இதழில் வீட்டுத் தச்சர்களுக்காக அளவுகளோடு வரைபடங்களையே வெளியிட்டவர். அவர் வடிவங்களை விற்கும் நீங்கள் இந்த மூன்று வரிகளைத் தாராளமாகத் தரலாம்.

இப்படிக்கு,
பழைய ஓக் சாமான்களைப் பழுதுபார்க்கும் தச்சர்கள்