லாரி கேமுக்காகப் புதுக் கணினி வாங்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் வாசகர் கேள்வி பதில் பகுதியில் ஆத்தூர் வாசகர் ஒருவர், மகனுடைய கணினியில் கேம் திறக்கவே ரொம்ப நேரம் ஆகிறது, ஓடும்போதும் அங்கங்கே உறைந்து நிற்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தார். கணினி பழசாகிவிட்டது, புதிது வாங்குங்கள் என்று இரண்டே வரியில் பதில் வந்திருந்தது. அந்தப் பதிலில் எனக்குச் சம்மதமில்லை. உள்ளே எந்த டிஸ்க் இருக்கிறது என்றுகூடக் கேட்காமல் ஒரு குடும்பத்துக்கு ஐம்பது, அறுபதாயிரம் செலவு வைக்கும் பதில் அது.

நான் கணினி படித்தவன் இல்லை. சங்ககிரியில் கிளீனராக லாரி ஏறி, பிறகு ஸ்டியரிங் பிடித்து, நேஷனல் பர்மிட் வண்டியில் கொல்கத்தா வரைக்கும் லோடு கொண்டு போனவன். முதுகு இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டதால் இப்போது கொண்டலாம்பட்டியில் வீட்டோடு இருக்கிறேன். மகள் காலேஜில் படித்தபோது வாங்கிய கணினி சும்மா கிடந்தது. அதில் பேரன் ஒரு லாரி கேமைப் போட்டுக் கொடுத்தான். யூரோ டிரக் சிமுலேட்டர் 2 என்று பெயர். செக் நாட்டின் பிராக் நகரில் இருக்கும் எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் என்ற நிறுவனம் 2012-ல் வெளியிட்டது. ஐரோப்பாவின் சாலைகளைச் சுமார் 19-ல் ஒரு பங்காகச் சுருக்கி உள்ளே வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்துக்குள் போனால் நம்மைப் போல இடதுபக்கம் ஓட்ட வேண்டும், கடல் தாண்டி பிரான்ஸில் இறங்கியதும் வலதுபக்கம். சிக்னலைத் தாண்டினால் அபராதம். தூங்காமல் ஓட்டினால் கண் இருட்டிக்கொண்டு வரும். நிஜ ஐரோப்பாவில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வெடுக்க வேண்டும் என்பது சட்டமாம். அதைக் கேள்விப்பட்டபோது, நான் பார்த்த புக்கிங் ஆபீஸ்களை நினைத்துச் சிரித்துக்கொண்டேன்.

கேம் நன்றாகத்தான் இருந்தது. வெளிச்சாலையில் வண்டி ஒழுங்காகப் போகும். ஒரு நகரத்துக்குள் நுழைந்தால் போதும், படம் அப்படியே நின்றுவிடும். மறுபடி அசையும்போது வண்டி நடுத்தடுப்பில் ஏறி நிற்கும், அபராதமும் விழுந்திருக்கும். கேமைத் திறந்துவிட்டு அடுப்படிக்குப் போய் டீ போட்டுக்கொண்டு வந்தாலும் லோடிங் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒரு பெரிய கடையில் காட்டினோம். பெயர் எதற்கு. பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல், "இதெல்லாம் இனி ஓடாதுங்க சார், புதுசு எடுத்துக்குங்க" என்று சொல்லி ஈஎம்ஐ தாளை நீட்டினார்கள். பேரனுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. அஸ்தம்பட்டிப் பக்கம் ஒரு சின்னக் கடைக்கு எடுத்துப் போனேன். அந்தத் தம்பி கணினியைப் போட்டு, எந்தப் பாகம் எவ்வளவு உழைக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துவிட்டு, கேமை ஓட்டச் சொன்னார். நகரத்துக்குள் போய்ப் படம் நின்ற அதே நேரத்தில் டிஸ்க் என்ற வரிசை 100 சதவீதத்தில் முட்டிக்கொண்டு நின்றது. பிராசஸர் வரிசை பாதியைக்கூடத் தாண்டவில்லை. "ஐயா, மெஷின் நல்லாத்தான் இருக்குதுங்க. ஹார்டு டிஸ்க்தான் ஈடு கொடுக்க மாட்டேங்குது. ஒரு எஸ்எஸ்டி போட்டு கேமை அதுக்கு மாத்திரலாங்க" என்றார். எஸ்எஸ்டி என்பது ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான டிரைவ். புதுக் கணினிக்குச் சொன்ன விலையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

ஆத்தூர் வாசகர் வீட்டிலேயே இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வந்துவிடும். அதில் பெர்ஃபாமன்ஸ் என்ற பக்கத்துக்குப் போனால், உள்ளே இருப்பது ஹார்டு டிஸ்க்கா எஸ்எஸ்டியா என்பதையும் விண்டோஸே எழுதிக் காட்டும். காசு செலவில்லாத சோதனை.

டிஸ்க் ஏன் திணறுகிறது என்பதையும் அந்தத் தம்பியிடம் விடாமல் கேட்டேன். ஹார்டு டிஸ்க்குக்குள் தட்டுகள் சுழல்கின்றன, நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று. 7,200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு எட்டு மில்லி விநாடிக்குச் சற்று அதிகம். படிக்கும் முனை சரியான இடத்துக்கு நகர வேண்டும், தேவையான பகுதி சுழன்று அதன் அடியில் வர வேண்டும். கேம் முழு ஐரோப்பாவையும் ஒரே தடவையில் நினைவகத்தில் ஏற்றி வைப்பதில்லை. வண்டி போகப் போக, முன்னால் வரப்போகும் சாலை, கட்டடம், மரம், பெயர்ப்பலகை எல்லாவற்றையும் டிஸ்க்கிலிருந்து துண்டுதுண்டாக எடுக்கிறது. நகரம் என்றால் துண்டுகள் அதிகம். சிதறிக் கிடக்கும் துண்டுகளைத் தேடி எடுப்பதென்றால் ஹார்டு டிஸ்க்கால் ஒரு நொடிக்கு நூறு இடம் போய்வருவதே பெரிய விஷயம். எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது, எல்லாம் சிப். ஒரு துண்டைத் தொட அதற்கு ஒரு மில்லி விநாடியில் பத்தில் ஒரு பங்கு போதும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எஸ்எஸ்டியை விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை. இன்ஜின் எத்தனை குதிரைத்திறனாக இருந்தாலும் லோடுமேன் மூட்டை ஏற்றி முடிக்கிறவரை வண்டி நகராது. எஸ்எஸ்டி லோடுமேனைத்தான் மாற்றும், இன்ஜினை மாற்றாது. லோடிங் நேரம் குறையும், நகரத்துக்குள் படம் உறைவது நிற்கும். ஆனால் வெளிச்சாலையிலேயே படம் இழுத்து இழுத்துப் போகிறது என்றால் அது பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டோ பிராசஸரோ சம்பந்தப்பட்டது. அதற்கு எஸ்எஸ்டி வாங்கினால் காசு தண்டம். ரேம் 4 ஜிபி மட்டும் இருக்கிறவர்களுக்கும் இது முழுத் தீர்வு ஆகாது. புதிதாக வருகிற பெரிய கேம்கள் சிலவற்றுக்கோ எஸ்எஸ்டி இல்லாமல் ஆகவே ஆகாது. 2023-ல் வந்த ஸ்டார்ஃபீல்டுக்கு அது கட்டாயம் என்றே போட்டிருக்கிறார்கள்.

அடுத்து, எஸ்எஸ்டி போட்ட பிறகு கேமை எப்படி அதற்குக் கொண்டு போவது என்பது. என் மச்சான் வீடு ஏற்காட்டில் இருக்கிறது. அங்கே மொபைல் நெட்தான், நாளுக்கு 2 ஜிபி. அவர் மகனிடம் யாரோ, பழையதை அழித்துவிட்டுப் புது டிரைவில் மறுபடி டவுன்லோடு செய் என்று சொல்லியிருக்கிறார்கள். வரைபட விரிவாக்கங்களோடு சேர்த்து இந்த லாரி கேம் ஏறக்குறைய 40 ஜிபி. வேறு எதற்கும் நெட்டைத் தொடாமல் இருந்தாலே 20 நாள் ஆகும். நல்லவேளை, அழிப்பதற்கு முன்னால் எனக்கு போன் போட்டான்.

டவுன்லோடு தேவையே இல்லை. கேமை ஸ்டீம் என்ற கேம் கடைச் செயலி வழியாக வாங்கியிருந்தால் அதிலேயே வசதி இருக்கிறது. ஸ்டீமின் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் என்ற பக்கத்தில் புது டிரைவை முதலில் சேர்க்க வேண்டும். அப்புறம் கேமின் பெயரில் ரைட் கிளிக் செய்து, ப்ராபர்டீஸ், அதற்குள் இன்ஸ்டால்டு ஃபைல்ஸ், அதில் மூவ் இன்ஸ்டால் ஃபோல்டர். எந்த டிரைவுக்கு என்று கேட்கும், சொன்னால் தானே கொண்டு போய் வைத்துவிடும். எனக்கு அரை மணி நேரம் பிடித்தது. கணக்குப்படி நொடிக்கு 100 எம்பி வேகத்தில் 40 ஜிபி ஏழு நிமிடத்தில் முடிய வேண்டும், பழைய டிஸ்க்கிடம் அந்தக் கணக்கு செல்லாது. நம் ஊரில் கரண்டு எப்போது போகும் என்று தெரியாதே, யூபிஎஸ் இல்லாதவர்கள் பராமரிப்பு மின்தடை அறிவித்திருக்கும் நாளில் இந்த வேலையில் இறங்க வேண்டாம். இடையில் ஏதாவது கெட்டுப்போனாலும் அதே இன்ஸ்டால்டு ஃபைல்ஸ் பக்கத்தில் வெரிஃபை என்று ஒன்று உண்டு. குறைகிற ஃபைலை மட்டும் இறக்கிச் சரிசெய்யும்.

ஃபோல்டரைக் கையால் இழுத்துப் போடுவது, டெஸ்க்டாப்பில் இருக்கும் குறுக்குவழிப் படத்தை மட்டும் காப்பி செய்துவிட்டுக் கேம் போய்விட்டது என்று நினைப்பது, இதெல்லாம் பையன்கள் செய்வது. ஸ்டீமுக்குத் தெரியாமல் இடம் மாற்றினால் கேம் இல்லை என்றுதான் அது சொல்லும்.

நாம் சம்பாதித்தது எங்கே இருக்கிறது என்பதுதான் பெரிய விஷயம். நான் வாங்கிச் சேர்த்த லாரிகள், வேலைக்கு வைத்த ஓட்டுநர்கள், கட்டிய கடன் எல்லாம் கேம் ஃபோல்டரில் இல்லை. டாக்குமென்ட்ஸுக்குள் அந்த கேமின் பெயரில் இன்னொரு ஃபோல்டர் இருக்கிறது, அதில் உட்கார்ந்திருக்கிறது. அதனால் ஸ்டீம் வழியாகக் கேமை மட்டும் மாற்றினால் ஒன்றும் போகாது, விட்ட இடத்திலிருந்து ஓட்டலாம். ஆனால் பல கடைகளில் எஸ்எஸ்டி போடும்போது விண்டோஸையும் புதிதாக அதில் ஏற்றிவிட்டுப் பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிடுகிறார்கள். எங்கள் தெருப் பையன் ஒருவனுக்கு அப்படித்தான் ஆனது. இரண்டு வருடமாகச் சேர்த்த கம்பெனி ஒரே நாளில் காலி, அழுதேவிட்டான். ஆகவே கணினியைக் கடையில் விடுவதற்கு முன்னால் டாக்குமென்ட்ஸை ஒரு பென் டிரைவில் காப்பி எடுத்துக்கொள்வது அவசியம். இந்த கேமில் ஸ்டீம் கிளவுடில், அதாவது இணையத்தில், சேமிக்கும் வசதியும் உண்டு. புரொஃபைல் பக்கத்தில் அதற்கு ஒரு டிக் போட வேண்டும். எல்லா கேமும் ஒரே இடத்தில் சேமிப்பதில்லை என்பதால் அவரவர் கேமுக்கு எங்கே என்று பார்த்துக்கொள்வது நல்லது.

வாங்கும்போதும் ஏமாற வாய்ப்பு உண்டு. பழைய கணினிக்கு ஹார்டு டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் மாட்டுகிற இரண்டரை அங்குல எஸ்எஸ்டி போதும், நொடிக்கு 550 எம்பி வரை வரும். எம்.2 என்று 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளத்தில் பட்டையாக ஒன்று வருகிறது. அதிலேயே சாட்டா வகையும் உண்டு, அதைவிட வேகமான என்விஎம்இ வகையும் உண்டு. மதர்போர்டு எதை ஏற்கும் என்று பார்க்காமல் வாங்கினால் பொருந்தாது. என்விஎம்இ பல மடங்கு வேகம் என்று அட்டையில் போட்டிருப்பது உண்மைதான், கேம் லோடிங்கில் அந்த மடங்கெல்லாம் தெரியாது. டிரைவை நிரம்பி வழிய விடக் கூடாது, கேமுக்கு அப்டேட் வரும்போதும் காலி இடம் கேட்கும். கேம் ஓட்டினால் எஸ்எஸ்டி தேய்ந்துவிடும் என்று பேரன் பயந்தான். தேய்மானம் எழுதுவதால்தான் பெரும்பாலும் வருகிறது, கேம் ஓட்டுவது முக்கால்வாசி படிக்கிற வேலை.

உங்கள் பதிலுக்கு ஆதரவாக ஒன்று சொல்லலாம். விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. பழைய பிராசஸர்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. வங்கி வேலை, வருமான வரி எல்லாம் அதே கணினியில் பார்ப்பவர்கள் அதையும் யோசிக்க வேண்டும். அந்தக் காரணத்தைச் சொல்லிப் புதிது வாங்கச் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். கேம் நின்று நின்று போகிறது என்பதற்காகச் சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இப்போது என் வண்டி நகரத்துக்குள் நிற்காமல் போகிறது. இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜின் பிரேக்கில் இறங்குகிறேன். டீசல் மிச்சம் என்று தொப்பூர் கணவாயில் நியூட்ரலில் விடுகிற பையன்களை இந்த கேமில் உட்கார வைத்தால் தேவலை என்று தோன்றுகிறது. அது வேறு கதை, அதற்குத் தனிக் கடிதம் எழுதுகிறேன்.

அந்தக் கேள்விக்கு இன்னொரு முறை விரிவாகப் பதில் போட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அதில் இதையும் சேர்த்துவிடுங்கள். எஸ்எஸ்டி மாற்றக் கொடுப்பவர்கள் பில்லில் மாடலையும் வாரண்டிக் காலத்தையும் எழுதி வாங்க வேண்டும், பழைய ஹார்டு டிஸ்க்கையும் மறக்காமல் திருப்பிக் கேட்க வேண்டும். அதில் குடும்பப் படங்களும் ஆதார் நகலும் கிடக்கும். மேசைக் கணினி என்றால் அதைக் கழற்றவே வேண்டாம். எஸ்எஸ்டிக்கு வேறு கேபிள் கொடுத்துவிட்டு இரண்டையும் வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர்,
கொண்டலாம்பட்டி, சேலம்.