கையேட்டில் பழைய இணைப்புகளை மாற்றிவிட்டோம்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் உள்நுழைவு மென்பொருளின் கையேட்டில், டோக்கன் (சேவைகளுக்குக் காட்டும் மின்னணு அனுமதிச் சீட்டு) பரிமாற்றம் பற்றிய அத்தியாயத்தில் இருந்த பழைய இணைப்புகளைச் சென்ற வாரம் மாற்றினோம். இதற்கெல்லாம் ஒரு மடலா என்று நினைப்பீர்கள். அவற்றில் ஒன்றை நம்பி நிரல் எழுதிய வாடிக்கையாளர் ஒருவருக்கு இரண்டு நாள் வேலை பாழாயிற்று. அதனால்தான் எழுதுகிறோம்.

ஒரு சேவைக்காகப் பெற்ற டோக்கனைக் கொடுத்து, வேறொரு சேவைக்கான டோக்கனை வாங்கும் முறைக்கு, செயலிகளுக்கு அனுமதி வழங்கும் நெறிமுறையான ஓஆத் 2.0 குடும்பத்தில் ஒரு தரநிலை உண்டு: ஆர்எஃப்சி என்ற இணைய ஆவண வரிசையில் 8693ஆம் எண். அது 2020 ஜனவரியில் வெளியானது. எங்கள் கையேடு அதற்கும் முந்தியது. அன்று கைக்குக் கிடைத்தவை, இணையத் தரநிலைகளை உருவாக்கும் ஐஇடிஎஃப் அமைப்பின் வரைவுகள் மட்டுமே. அவற்றில் ஒன்றுக்கு இணைப்புக் கொடுத்தோம். தரநிலை வந்த பிறகு மாற்ற மறந்தோம். அதிகபட்சம் ஆறு மாதம்தான் செல்லும், மேற்கோள் ஆதாரமாகக் காட்டுவது பொருந்தாது என்று ஒவ்வொரு வரைவின் முகப்பிலும் எழுதியிருக்கும். நாங்கள் அதைத் தாண்டி உள்ளே போய்விட்டோம்.

இணைப்புகளைச் சோதிக்க எங்களிடம் ஒரு சிறு நிரல் இருக்கிறது. செத்த இணைப்பென்றால் உடனே சொல்லிவிடும். இது சாகவில்லையே! பழைய முகவரி, ஐஇடிஎஃப்பின் ஆவணத் தளமான டேட்டாட்ராக்கருக்குத் திருப்பிவிட, அங்கே பத்திரமாக வைத்திருந்த அதே பழைய வரைவு ஒழுங்காகத் திறந்தது. சோதனையில் பச்சை விளக்கு. நாங்களும் நிம்மதியாக இருந்தோம்.

அந்த வரைவில் அனுமதிகள் ‘எஸ்சிபி’ என்ற பெயரில், தனித்தனிச் சொற்களின் பட்டியலாக வரும். தரநிலையிலோ பெயர் ‘ஸ்கோப்’. அனுமதிகள் இடைவெளி விட்டு ஒரே சரமாக வரும். டோக்கனைக் கேட்ட செயலியின் அடையாளத்தைச் சொல்லும் ‘சிஐடி’யும் ‘கிளையண்ட் ஐடி’ ஆகிவிட்டது. எங்கள் சர்வர் தருவது தரநிலைப்படியான டோக்கன். வாடிக்கையாளரின் நிரல் அதில் இல்லாத எஸ்சிபியைத் தேடி, எந்த அனுமதியும் இல்லையென்று முடிவுகட்டி, வந்த கோரிக்கை அத்தனையையும் மறுத்தது. மறுத்தவரை நல்லது. பட்டியல் காலியாக இருந்தால் எல்லாவற்றையும் அனுமதித்துவிடும் நிரல்களையும் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

உங்கள் நிரலில் இந்த இரண்டு பழைய பெயர்களும் இருக்கின்றனவா என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். ‘ஸ்கோப்’ மதிப்பை இடைவெளியில் பிரித்துப் படிக்கிறீர்களா என்பதையும் பாருங்கள். சர்வரில் எதையும் மாற்றவில்லை. டோக்கன்களைப் புதிதாக வாங்க வேண்டியதில்லை. கையேட்டின் பழைய பிடிஎஃப் பிரதி வைத்திருந்தால் நீக்கிவிடுங்கள்.

புதிய இணைப்புகள் ஆர்எஃப்சி எண்ணையே சுட்டுகின்றன. வெளியான ஆர்எஃப்சியின் வாசகம் மாறாது. பிழை தெரியவந்தால் திருத்தம் தனியாக வரும். ஒருவர் சார்பில் இன்னொருவர் செயல்படுவதற்கும், அந்த முதலாமவராகவே தம்மைக் காட்டிச் செயல்படுவதற்கும் உள்ள வேறுபாட்டை அடிக்கடி கேட்கிறீர்கள். அதற்கு நேரே 1.1 பிரிவுக்கு இணைப்புத் தந்திருக்கிறோம். 2025 ஜனவரியில் வந்த ஓஆத் பாதுகாப்பு நடைமுறைகளையும், ஆர்எஃப்சி 9700, சேர்த்திருக்கிறோம்.

பாதிக்கப்பட்ட வாடிக்கையாளரிடம் இந்த மாதக் கட்டணம் வாங்கவில்லை. இதே காரணத்தால் உங்களுக்கும் வேலை கெட்டிருந்தால் எழுதுங்கள். அதே ஏற்பாடு உங்களுக்கும் உண்டு.

இப்படிக்கு,
கையேட்டுக் குழுவினர்