வாசகர் வட்டம், தருமபுரி: 2025-ஆம் ஆண்டின் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

மாதம் ஒரு கட்டுரை. பரிந்துரைப்பவரே நகலெடுத்து வர வேண்டும்; முழுவதும் படித்திருக்கவும் வேண்டும். சென்ற பொதுக்குழு சேர்த்த இந்த இரண்டாவது நிபந்தனைக்குப் பிறகு பரிந்துரைகள் பாதியாகக் குறைந்தன. எனக்கு அதில் வருத்தமில்லை.

இரும்பின் தொன்மை பற்றிய அரசு அறிக்கை ஜனவரியில் வெளியானது. சூடு ஆறுவதற்குள், பிப்ரவரியில் அது குறித்த கட்டுரையை எடுத்தோம். பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் மயிலாடும்பாறை இரும்புக்கு கி.மு. 2172 என்று 2022-இல் அறிவித்தபோது பூரித்த நமக்கு, இப்போது தூத்துக்குடி மாவட்டத்துச் சிவகளை கி.மு. 3345 என்று முந்திக்கொண்டதில் சிறு மனத்தாங்கல். காலத்தைக் கணிக்க அங்கே சோதிப்பது பெரும்பாலும் இரும்பை அல்ல, அதோடு கிடைக்கும் கரியைத்தான் என்று கட்டுரையைக் கொண்டுவந்தவர் விளக்கிய பிறகே பேச்சு ஊர்ப்பெருமையை விட்டு இறங்கியது.

ஆண்டின் சிறந்த கூட்டம் ஜூன் மாதத்தது. பொருள், நம் நிலத்தடி நீரின் புளோரைடு. பாறையிலிருந்து கரைந்து வரும் இது லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது; தாண்டினால், பல் உருவாகும் வயதுப் பிள்ளைகளுக்குப் பழுப்புக் கறை படியும், காலப்போக்கில் எலும்பையும் பாதிக்கும். காய்ச்சினால் போகாது, நீர் வற்ற வற்றச் செறிவு கூடும் என்ற வரியைப் படித்ததும் மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்துவிட்டார். பேரப்பிள்ளைகளுக்கென்றே ஆழ்துளைக் கிணற்று நீரை அரை மணி நேரம் கொதிக்கவைத்துக் கொடுத்தவராம். அவரைத் தேற்றுவதா, கட்டுரையைத் தொடர்வதா என்று தெரியாமல் தேநீர் இடைவேளை விட்டோம். 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்த பிறகும் கிணற்று நீரையே குடிப்பது ஏன் என்று அன்று நடந்த விவாதம் கட்டுரையில் இல்லாதது. கட்டுரையைவிட நன்றாக இருந்தது.

ஜூலை 23, சுப்பிரமணிய சிவா பாப்பாரப்பட்டியில் மறைந்த நூற்றாண்டு நாள். தொழுநோயாளி என்று ரயிலில் ஏறத் தடை விதிக்கப்பட்டு, நடந்தே ஊர் ஊராகச் சென்றவர், 1913-இல் ‘ஞானபானு’ இதழையும் தொடங்கி நடத்தினார் என்பது பலருக்குப் புதிய செய்தி.

அக்டோபர் கூட்டம் மழையால் நடக்கவில்லை. நடுகற்கள் குறித்த கட்டுரையின் நகல் எறும்பு எழுத்தில் இருந்ததால் யாரும் படிக்கவில்லை, பிழை என்னுடையது. அருங்காட்சியகத்துக்கு நேரில் சென்று கற்களையே பார்த்துவிட்டு வந்தோம்.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நகல் செலவில் நிலுவை வைத்திருப்பவர்கள் அதற்கு முன் எழுந்து போய்விட வேண்டாம்.

செயலாளர்