ஏமாற்றமா காரணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஹாலிவுட் நடிகை டோலோரஸ் ஹார்ட் துறவியானது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். அவருக்கு ஏதோ ஏமாற்றம் இருந்திருக்க வேண்டும் என்று ஊகிப்பது சரியல்ல. 1957-இல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லியுடன் நடித்துப் புகழ்பெற்றவர், 1963-இல் கனெக்டிகட் மாநிலத்தின் ரெஜினா லாவ்டிஸ் மடத்தில் சேர்ந்தார். திருமணம் நிச்சயமாகியிருந்தது, பட வாய்ப்புகளும் இருந்தன. தோற்று ஓடியவர் அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே மடத்தில் நிலைத்திருப்பாரா?

எங்கள் தங்கச்சிமடத்தில் என்னோடு படித்த பெண், விமானப் பணிப்பெண் வேலையை விட்டுவிட்டு கார்மேல் சபையின் அடைப்பு மடத்தில் (கன்னியர் வெளியே வராமல் உள்ளேயே ஜெபத்தில் வாழும் மடம்) சேர்ந்தபோதும், "பிள்ளைக்கு என்ன குறையோ?" என்றுதான் ஊர் பேசியது. அவள் அம்மாவோடு பார்க்கப் போயிருந்தேன். கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு, தடைக்காலம் முடிந்து அப்பா கடலுக்குப் போனாரா, இறால் என்ன விலை போகிறது என்று வாய் ஓயாமல் விசாரித்தாள். உலகத்தை வெறுத்தவள் பேச்சா அது! அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, தமிழகத்திலேயே உள்ள அடைப்பு மடம் ஒன்றில் அனுமதி பெற்று, அங்குள்ள சகோதரிகளிடமே காரணத்தைக் கேட்டு வெளியிடுங்கள்.

- வாசகி, தங்கச்சிமடம்