மாலை ஐந்து மணிக்கு வைத்தால் நாங்கள் எப்படி வருவது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் நம் நாளிதழின் நீலகிரிப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வந்திருந்தது. எங்கள் ஊர் நூலகக் கட்டிட மாடியில் மாதம் ஒரு ஞாயிறு பெரியவர்களுக்காக நடக்கும் பேச்சுக் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை, கடைசிக் கூட்டத்தில் ஒன்பது பேர்தான் இருந்தார்கள், வயதானவர்களுக்குப் புதிதாகத் தெரிந்துகொள்வதில் ஆர்வம் இல்லை, அதனால் நிறுத்திவிடலாமா என்று நடத்துபவர்கள் யோசிக்கிறார்கள் என்று போட்டிருந்தீர்கள். அந்த ஒன்பது பேரில் நானும் ஒருத்தி. ஒன்பது என்ற கணக்கு சரிதான். ஆர்வம் இல்லை என்பதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

முதல் மூன்று கூட்டமும் காலை பத்தரைக்கு நடந்தது. நாற்பது நாற்காலி போட்டிருந்தார்கள், அது போதாமல் சிலர் சுவர் ஓரமாக நின்று கேட்டார்கள். அப்புறம் காலையில் பிள்ளைகளுக்குத் தேர்வுப் பயிற்சி வகுப்புக்கு ஹால் வேண்டும் என்று சொல்லி இதை மாலை ஐந்துக்கு மாற்றினார்கள். அதிலிருந்துதான் கூட்டம் குறைந்தது. ஐந்துக்கு ஆரம்பித்து, பேசி, கேள்வி பதில் முடிய ஆறரை ஆகிவிடும். எங்கள் பக்கம் போகும் கடைசி பஸ் ஆறே காலுக்கு. பஸ் கிடைத்தாலும் இறங்கிய இடத்திலிருந்து தேயிலைக்கு நடுவே ஒரு கிலோமீட்டர் இறக்கத்தில் நடக்க வேண்டும். கோத்தகிரியில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இருட்டினால் கரடி வரும், காட்டெருமை வரும். போன டிசம்பரில் நானும் பக்கத்து வீட்டு அக்காவும் கூட்டம் முடிந்து வரும்போது ரேஷன் கடை வளைவில் குட்டியோடு ஒரு கரடி நின்றது. நாங்கள் கடைத் திண்ணையில் ஏறிச் சத்தம் போடாமல் உட்கார்ந்துவிட்டோம். அரை மணி நேரம் கழித்து ஒரு ஜீப் வந்து வெளிச்சம் அடித்த பிறகுதான் இறங்கினோம். அக்கா அதற்குப் பிறகு வரவில்லை. அவருக்கு ஆர்வம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? ஒவ்வொரு மாதமும் நான் போய்விட்டு வந்ததும் முதலில் கேட்பது அவர்தான், இன்றைக்கு என்ன பேசினார்கள் என்று.

நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். இந்தியாவும் இலங்கையும் 1964-இல் செய்த ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பம் எங்களுடையது. தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் தங்கி, இந்த மலைக்கு வந்து சேர்ந்தபோது எனக்குப் பதினொரு வயது. அங்கே ஆறாம் வகுப்பில் பாதி படித்திருந்தேன். இங்கே வந்ததும் தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் வேண்டும் என்று நிறுத்தியது, அப்படியே நின்றுவிட்டது. தோட்டத்தில் வேலைக்குப் போன பிறகு புத்தகம் என்றால் கடையில் சாமான் கட்டிக் கொடுக்கும் பழைய பேப்பர்தான். அதையும் விடாமல் படிப்பேன். ஐம்பது வருஷத்துக்குப் பிறகு ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, ஒருவர் எனக்காக ஒரு விஷயத்தைப் பொறுமையாக விளக்குவதைக் கேட்டது இந்தக் கூட்டத்தில்தான்.

அந்த இரண்டாவது கூட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் எழுதினால்தான் எதை நிறுத்தப் பார்க்கிறார்கள் என்பது புரியும். என் நாத்தனார் வீடு முத்தோரை பாலாடா பக்கம். அங்கே போகும்போதெல்லாம் மலைச்சரிவில் வரிசையாக நிற்கும் பெரிய பெரிய இரும்புச் சட்டங்களைப் பார்த்திருக்கிறேன். ஏதோ மின்சார வேலை என்றுதான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். அது ரேடியோ தொலைநோக்கி, 1970-இல் கட்டி முடித்தது, கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானியும் அவருடன் இருந்தவர்களும் நம் நாட்டிலேயே வடிவமைத்துக் கட்டியது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், 24 வளைந்த சட்டங்கள், அவற்றின் மேல் நீளவாக்கில் 1,100 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகள். வானத்திலிருந்து வரும் ரேடியோ அலை அந்தக் கம்பிகளில் பட்டுத் திரும்பி நடுவில் வந்து சேரும்.

சமதரையில் கட்டாமல் ஏன் இப்படிச் சரிவில் போய்க் கட்டினார்கள் என்று நான் கையைத் தூக்கிக் கேட்டேன். பேசியவர் மேஜைக்கு அடியிலிருந்து நீளவாக்கில் பாதியாக அறுத்த ஒரு பிவிசி பைப்பை எடுத்தார். கூட்டத்துக்கென்றே கொண்டுவந்திருக்கிறார். ஒரு முனையை இரண்டு புத்தகத்தின் மேல் வைத்துச் சாய்த்தார். ஊட்டி இருப்பது பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 டிகிரியில். வடக்கு தெற்காக அதே 11 டிகிரி சாய்ந்த ஒரு மலைச்சரிவைத் தேடிக் கண்டுபிடித்து அதன் மேல் கட்டினால், தொலைநோக்கியின் நீள அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாக அமைந்துவிடும். அப்புறம் வேறு எதையும் அசைக்க வேண்டாம், கிழக்கிலிருந்து மேற்காக மெதுவாகப் புரட்டினால் போதும், ஒரே இடத்தை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடரலாம். பைப்பை அவர் இப்படியும் அப்படியும் புரட்டிக் காட்டியபோது ஹாலில் ஒருவர்கூட இருமவில்லை. எந்தச் சரிவில் ஏறி இறங்கி என் முழங்கால் தேய்ந்ததோ, அதே மாதிரி ஒரு சரிவுக்காகவே அவ்வளவு பெரிய வேலையை இந்த மலைக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்து பேத்திக்குச் சோறு போட்டுக்கொண்டே முறத்தைச் சாய்த்து வைத்து விளக்கினேன், அவளுக்கும் புரிந்தது.

மண்சரிவு பற்றிய கூட்டம் இன்னொரு மாதிரி. 2009 நவம்பர் மழையில் நம் மாவட்டத்தில் நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள், அந்த ராத்திரி இங்கே யாருக்கும் மறக்காது. பேச வந்தவர் ஒரு தட்டில் மண்ணைச் சாய்வாக நிரப்பி மேலிருந்து தண்ணீரை விட்டார். முதலில் ஒன்றும் ஆகவில்லை, மண் குடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அடியில் விரலால் கொஞ்சம் மண்ணைத் தோண்டி எடுத்தார், ரோட்டுக்காகவும் வீட்டுக்காகவும் சரிவை வெட்டுகிற மாதிரி. மொத்தமும் சரிந்து தட்டுக்கு வெளியே வந்து விழுந்தது. அப்போது பின்வரிசையில் இருந்த ஒரு பாட்டி எழுந்து, சரிவதற்கு முன்னால் ஊற்றுத் தண்ணீர் கலங்கி வரும், நேராக நின்ற மரம் சாயும், வீட்டுத் தரையில் முடிபோல வெடிப்பு விடும் என்றார். பேச வந்தவர், அவர் சொன்ன மூன்றும் அபாய அறிகுறிகள்தான் என்று சொல்லிப் பலகையில் எழுதினார். தோட்டத்தில் நாங்கள் கான் என்று சொல்லும் வடிகாலை அடைபடாமல் வைத்திருப்பது எவ்வளவு முக்கியம் என்று நான் சொன்னேன், அதையும் எழுதினார். எங்கள் பேச்சை ஒரு படித்தவர் பலகையில் எழுதி அன்றுதான் பார்த்தேன்.

பிரான்சில் துலூஸ் பல்கலைக்கழகத்தில் 1973-இல் ஓய்வு பெற்றவர்களுக்கென்று இப்படி வகுப்பு தொடங்கி, அது பல நாடுகளுக்குப் பரவியது என்று தொடக்கக் கூட்டத்தில் சொன்னார்கள். தேர்வு கிடையாது, சான்றிதழ் கிடையாது. நல்ல விஷயம். ஆனால் அவ்வளவு தூரம் போக வேண்டாம், மன்னார்குடிப் பக்கத்தில் 1931-இலேயே மாட்டுவண்டியில் புத்தகத்தை ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போயிருக்கிறார்கள். படிக்க ஆள் வரவில்லை என்று உட்கார்ந்திருக்காமல் ஆள் இருக்கும் இடத்துக்குப் புத்தகம் போயிருக்கிறது. எங்களுக்கு வண்டிகூட வேண்டாம், நேரத்தை மாற்றினால் போதும், நாங்களே வந்துவிடுவோம். நம் மாநிலத்தில் 1948-லிருந்து பொது நூலகச் சட்டம் இருக்கிறது. வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் நூலக வரி என்று தனியாக இருக்கும். அதை நாங்களும் கட்டுகிறோம், அந்த மாடி எங்களுக்கும் உரியது.

பிள்ளைகளின் பயிற்சி வகுப்பை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன், என் பேத்தியே நாளைக்கு அங்கே போவாள். மாதத்தில் ஒரே ஒரு ஞாயிறு, பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ஹாலை எங்களுக்குக் கொடுத்தால் போதும். அதுவும் முடியாது என்றால் கீழ்த்தளத்தில் பேப்பர் படிக்கும் அறையில் பெஞ்சைச் சுவரோரம் தள்ளிப் போட்டு உட்கார்ந்துகொள்கிறோம், முழங்கால் வலிக்காரர்களுக்குப் படி ஏறும் தொல்லையும் இருக்காது. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு மாதம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடைசியாக நடந்த கூட்டத்தில் பேசியவர் நல்ல மனிதர், விஷயம் தெரிந்தவர். ஆனால் திரையில் வந்த எழுத்து முழுவதும் ஆங்கிலம், அதுவும் பொடி எழுத்து. அவர் அதைப் பார்த்தே பேசினார், எங்களைப் பார்க்கவில்லை. பைப்பும் மண் தட்டும் புரிய வைத்ததைத் திரையால் புரிய வைக்க முடியவில்லை. பேச வருகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால் அவர்களுக்கும் உதவியாக இருக்கும். வருஷத்தில் இரண்டு கூட்டமாவது இங்கே இருப்பவர்களையே பேச வையுங்கள். தோடர் பெண்கள் போடும் பூத்தையலைப் பற்றி அதைப் போடுகிறவரே வந்து சொன்னால், உருளைக்கிழங்கு போட்டு நஷ்டப்பட்டு கேரட்டுக்கு மாறிய ஒருவர் தன் மண்ணைப் பற்றிச் சொன்னால், நான் முதல் வரிசையில் உட்கார்ந்து கேட்பேன்.

செய்தியைப் படித்த அன்றே எங்கள் தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன். காலை நேரம் என்றால் வருகிறோம் என்று பதினான்கு பேர் சொன்னார்கள், கரடியைப் பார்த்துப் பயந்த அக்காவும் அதில் உண்டு. பெயர்களை ஒரு நோட்டுத் தாளில் எழுதி, அவரவர் கையெழுத்தும் வாங்கி, திங்கட்கிழமை நூலகத்தில் கொடுத்துவிட்டேன். நிறுத்துவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன் நடத்துபவர்கள் அந்தத் தாளை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தேயிலைத் தோட்டத் தொழிலாளி,
கோத்தகிரி வட்டம், நீலகிரி.