தெருச் சங்கத்தின் 2025ஆம் ஆண்டறிக்கை: வெள்ள நோட்டும் இரண்டு பெருநாட்களும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, மஹல்லாவின் பெரியவர்களே, காக்காமார்களே, தம்பிமார்களே, பக்கத்தில் பெண்கள் தொழும் இடமான தைக்காவில் ஒலிபெருக்கி வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கும் உம்மாமார்களே, லாத்தாமார்களே, அஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.

2025 ஜனவரி முதல் டிசம்பர் வரைக்குமான அறிக்கை இது. நிர்வாகக் குழு மாதம் ஒருமுறை கூடியது. ரமளானில் மட்டும் இரவுத் தராவீஹ் தொழுகை முடிந்து வாரந்தோறும் கூடினோம். தெருவிளக்கு, சாக்கடை, கல்வி உதவி ஆகிய வேலைகள் வழக்கம்போல் நடந்தன. அவற்றின் விவரத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம். வரவு செலவைப் பொருளாளர் எனக்குப் பிறகு படிப்பார். எனக்குக் கொடுத்த நேரத்தை முழுக்க இரண்டு பெருநாட்களைப் பற்றிச் சொல்ல எடுத்துக்கொள்கிறேன். இந்த வருடம் சங்கம் கையில் எடுத்த புது வேலை அதுதான். நாம் தவறியதும் அதில்தான்.

முதலில் துஆ. இந்த வருடம் நம் மஹல்லாவில் வஃபாத்தானவர்களுக்காகவும், மே 24 அன்று இறையடி சேர்ந்த தமிழ்நாடு அரசின் தலைமை காஜி டாக்டர் ஸலாஹுத்தீன் முஹம்மது அய்யூப் ஸாஹிப் அவர்களுக்காகவும் சங்கம் பாவமன்னிப்புக் கேட்டு மஃபிரத் துஆ செய்கிறது. எத்தனையோ வருடம் ரமளான் பிறையையும் பெருநாள் பிறையையும் அவர்கள் அறிவிப்பில்தான் கேட்டோம்.

இனி பெருநாள் வேலை எங்கிருந்து தொடங்கியது என்பதைச் சொல்கிறேன். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை இங்கே யாரும் மறந்திருக்க முடியாது. 24 மணி நேரத்தில் நம் காயல்பட்டினத்தில் சுமார் 95 செ.மீ. மழை. கரண்ட் இல்லை, போன் இல்லை. எந்த வீட்டில் படுக்கையில் பெரியவர் இருக்கிறார், யாருக்கு இன்சுலின் வேண்டும், எந்த வீட்டில் ஒற்றை ஆள் என்று இடுப்பளவு தண்ணீரில் நடந்து கேட்டு, பள்ளிக்கூடப் பிள்ளையின் நோட்டு ஒன்றில் எழுதிக்கொண்டோம். வெள்ளம் வடிந்ததும் நோட்டை அலமாரியில் போட்டுவிட்டு மறந்தே போனோம்.

2025 பிப்ரவரியில் ரமளான் ஏற்பாட்டுக்காக அலமாரியை ஒழித்தபோது அது கையில் கிடைத்தது. ஓரமெல்லாம் செம்மண் நிறம், பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. ஒவ்வொன்றாகப் பிரித்தோம். 'வீட்டில் எத்தனை பேர்' என்ற கட்டத்தில் 1, 1, 1 என்று வந்துகொண்டே இருந்தது. வெள்ளத்தின்போது அதை மீட்க வேண்டிய ஆட்களின் கணக்காகத்தான் பார்த்தோம். இப்போது பார்த்தபோது துணைத்தலைவர் காக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவங்கள்லாம் பெருநாள் அன்னைக்கு யாரோட சாப்பிடுறாங்க?" அங்கிருந்த எங்களில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. இவர்கள் எல்லோரும் நம் தெருக்காரர்கள்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வீடு பெண்ணுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து இருப்பார். மகளைப் பெற்ற வீட்டில் பெருநாள் அன்று பேரப் பிள்ளைகளின் சத்தம் ஓயாது. ஆண் பிள்ளைகளை மட்டும் பெற்ற உம்மாவின் நிலை வேறு. மகன் தொழுதுவிட்டு வருவான், ஸலாம் சொல்வான், வட்டிலாப்பம் ஒரு துண்டு சாப்பிடுவான், உம்மா கையில் பெருநாள் காசை வைப்பான், நண்பகல் லுஹர் தொழுகைக்கு முன்பே மாமியார் வீட்டுக்குக் கிளம்பிவிடுவான். அதுவும் ஊரில் இருக்கும் மகன் என்றால்தான். துபாயிலோ ஹாங்காங்கிலோ இருப்பவன் வாட்ஸ்அப்பில் முகம் காட்டுவான், அவ்வளவுதான். வழக்கத்தைக் குறை சொல்லவில்லை. கல்யாணம் ஆன பிறகும் பெற்ற உம்மாவின் பக்கத்திலேயே இருப்பது நம் பெண்களுக்கு எவ்வளவு பெரிய பலம் என்று நான் என் வீட்டிலேயே பார்க்கிறேன். ஆனால் அந்த வழக்கத்தின் ஓரத்தில் சிலர் தனியாக நின்றுவிடுகிறார்கள். அவர்களை நாம் பார்க்கவில்லை.

என்ன செய்யலாம் என்று இரண்டு கூட்டம் பேசினோம். களறி விருந்துக்கு ஆக்குவதுபோல் நெய்ச்சோறும் கறியும் கத்தரிக்காய் மாங்காயும் ஆக்கி வீடு வீடாகக் கொடுத்தனுப்பலாம் என்றார்கள் சிலர். நல்ல எண்ணம்தான், செய்வதும் சுலபம். நான் அதை எதிர்த்தேன். அல்ஹம்துலில்லாஹ், இவர்களில் பெரும்பாலானவர்களுக்குச் சோற்றுக்குக் குறைவில்லை. கூட உட்கார ஆள்தான் இல்லை. சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டே வளர்ந்த ஊர் இது. அந்த ஊர் மனுஷிக்குப் பெருநாள் அன்று டிபன் கேரியரைக் கொடுத்துவிட்டு வருவதா? கடைசியில் முடிவானது இது: நோட்டில் 1 என்று எழுதியிருக்கும் ஒவ்வொருவரையும் ஒரு குடும்பம் தன் வீட்டுக்கு அழைக்க வேண்டும், வர முடியாதவர் வீட்டுக்குக் குடும்பமே சாப்பாட்டோடு போக வேண்டும்.

ரமளான் மார்ச் 2 அன்று தொடங்கியது. 2001 முதல் பள்ளிவாசல்களுக்கு அரசு கொடுத்துவரும் பச்சரிசியோடு நம் மஹல்லாவாசிகள் கொடுத்ததும் சேர்ந்து நோன்புக் கஞ்சிக்கு ஒருநாளும் தட்டுப்பாடு வரவில்லை. பிற்பகல் அஸர் தொழுததும் தூக்குச்சட்டியோடு வரிசையில் நிற்கும் பிள்ளைகளிடம் இன்னொரு சட்டியையும் கொடுத்து, போகும் வழியில் இந்த வீட்டிலும் கொடுத்துவிட்டுப் போ என்று பழக்கினோம். பெருநாளுக்கு முன் அந்த வீடுகளின் கதவு நமக்குத் திறந்தது இந்தப் பிள்ளைகளால்தான். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு மார்ச் 28 அன்றே தொடங்கிவிட்டதால் அந்த வகுப்புத் தம்பிகள் யாரையும் வேலைக்குக் கூப்பிடவில்லை. நோன்போடு தேர்வு எழுதிய அவர்களுக்குச் சங்கத்தின் பாராட்டு.

நோன்புப் பெருநாளுக்காக ஏழைகளுக்குக் கொடுக்கும் பித்ரா விஷயத்தில் ஒரு திருத்தம் செய்திருக்கிறோம். தலைக்கு ஒரு ஸாஉ, ஏறக்குறைய இரண்டரைக் கிலோ அரிசி. இதுவரை பிறை இரவில்தான் பொட்டலம் கட்டத் தொடங்குவோம். இந்த முறை 29 நோன்போடு பிறை தெரிந்துவிட்டது. மார்ச் 30 மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு அறிவிப்பு, மறுநாள் காலை தொழுகை. அதற்குள் எல்லா வீட்டுக்கும் அரிசி போய்ச் சேர வேண்டும். தம்பிமார்கள் அன்று தூங்கவேயில்லை. அரிசி வாங்குகிற வீட்டுக்காரர்களும் நடுராத்திரியில் கதவைத் திறக்க வேண்டியிருந்தது. பெருநாள் காலையில் ஆக்க வேண்டிய அரிசி அர்த்த ராத்திரியில் வந்தால் அவர்கள் எப்போது ஊற வைப்பது, எப்போது ஆக்குவது? நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபின் சட்டப்படி ரமளான் தொடங்கியதிலிருந்தே பித்ரா கொடுக்கலாம். இமாம் அவர்களிடம் கலந்துகொண்டு, வரும் வருடம் முதல் ரமளான் 27ஆம் இரவுக்குள் கொடுத்து முடிப்பது என்று முடிவு செய்தோம்.

வெளியூரில் இருப்பவர்கள் கேட்டதற்காக ஒரு வார்த்தை. ரயில் முன்பதிவு 2024 நவம்பர் 1 முதல் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்துவிட்டது. பெருநாள் தேதியோ பிறை தெரியும்வரை உறுதியாகாது. செந்தூர் எக்ஸ்பிரஸில் இரண்டு நாளுக்கும் டிக்கெட் எடுத்து வைக்க எல்லோராலும் முடியாது. அதனால் முந்தின நாளுக்கே எடுத்து வாருங்கள். ஒருநாள் கூடுதலாக உம்மாவோடு இருந்ததாக ஆகட்டும்.

சரி, மார்ச் 31. திங்கட்கிழமை. தொழுகை முடிந்து தக்பீர் சத்தம் அடங்கும் முன்பே அழைத்து வரும் வேலை தொடங்கியது. இரண்டு மூன்று வீடுகளில் முதலில் மறுத்தார்கள். பிள்ளைகள் கையைப் பிடித்ததும் வந்துவிட்டார்கள். இருபது வருடமாகப் பேச்சு நின்றுபோன இரண்டு லாத்தாமார்கள் ஒரே வீட்டில் உட்கார்ந்து கைகோத்து முஸாஃபஹா செய்ததைப் பார்த்தோம். அதை யாரும் ஏற்பாடு செய்யவில்லை.

ஒரு வீட்டில் மட்டும் தவறிவிட்டோம். பெயரைச் சொல்ல மாட்டேன். எண்பது வயதைத் தாண்டிய ஓர் உம்மா. அவர்களை அழைக்கும் பொறுப்பை இரண்டு குடும்பங்கள் ஆசையோடு கேட்டன. இரண்டு பெயரையும் நோட்டில் எழுதினேன். அவர் அழைத்திருப்பார் என்று இவரும், இவர் அழைத்திருப்பார் என்று அவரும் இருந்துவிட்டார்கள். அஸர் நேரத்தில் கணக்குப் பார்த்தபோதுதான் எனக்குத் தெரிந்தது. ஓடினேன். உம்மா புது வெள்ளைத் துப்பட்டியை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு, கதவுப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் ஸ்டூலில் ஒரு தட்டு. வெறும் கையோடு போகக் கூடாது என்று காலையிலேயே வட்டிலாப்பம் செய்து, துண்டு போட்டு, மேலே வாழையிலை மூடி வைத்திருந்தார்கள். "வேலையா இருப்பீங்கன்னு நினைச்சேன் வாப்பா" என்றார்கள். எனக்கு வாயில் பேச்சு வரவில்லை. அந்தத் தட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அங்கேயே உட்கார்ந்து சாப்பிட்டேன். அப்புறம் இரண்டு குடும்பங்களும் வந்தன.

அழைப்பே இல்லாதிருந்தால் அந்த உம்மா வழக்கம்போல் பகலைக் கழித்திருப்பார்கள். நாம் சொல்லிவிட்டு வராததால்தான் காத்திருந்தார்கள். இந்தத் தவறு செயலாளரான என்னுடையது. பொதுக்குழு முன் ஒப்புக்கொண்டு, அந்த உம்மாவிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

அன்று மாலை வழக்கம்போல் ஊரே கடற்கரையில். நம் பெரியவர்களையும் வேனில் அழைத்துப் போனோம். மணலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தோம். கடல் எங்கள் தெருவிலிருந்து நடக்கிற தூரம்தான். ஆனாலும் அதைப் பார்த்து எட்டு வருடம், பத்து வருடம் ஆனவர்கள் அவர்களில் இருந்தார்கள். ஒருவர் காலை நனைக்க வேண்டும் என்றார். இரண்டு தம்பிமார்கள் தாங்கிப் பிடிக்க, கரண்டைக்கால் வரை அலை வந்து போகும்படி வெகுநேரம் நின்றார். மஃரிப் பாங்கு சொல்லும்வரை கிளம்ப மனமில்லை.

ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 7, சனிக்கிழமை. முதல் பெருநாளில் படித்த பாடத்தோடு இறங்கினோம். ஒருவர் பெயருக்கு எதிரே ஒரே ஒரு வீட்டின் பெயர். தொழுகைக்குப் போகும் வழியிலேயே கதவைத் தட்டி, இத்தனை மணிக்கு வருவேன் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். காலை பத்து மணிக்குப் பெண்கள் தைக்காவிலிருந்து ஒருவர் எல்லோருக்கும் போன் செய்து சரிபார்க்க வேண்டும். அந்தப் போன் வேலையை மூன்று லாத்தாமார்கள் ஏற்றார்கள். யாருக்கு மருந்து சாப்பாட்டுக்கு முன், யாருக்குப் பின் என்பது வரை எழுதி வைத்திருந்தார்கள். ஒருவரும் விடுபடவில்லை.

குர்பானி இறைச்சிப் பங்கீடு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வீட்டுக்கு, சொந்தபந்தத்துக்கு, ஏழைகளுக்கு என்று மூன்று பங்கு வைத்து, ஏழைகளின் பங்கைச் சங்கம் வாங்கி அன்றே கொடுத்து முடித்தது. பெருநாளை அடுத்த மூன்று அய்யாமுத் தஷ்ரீக் நாட்களில் அறுத்தவர்களிடமும் பெற்றுக் கொடுத்தோம். கழிவுகளைக் குழி தோண்டிப் புதைத்ததில் இளைஞர் அணி காட்டிய அக்கறையால் தெருவில் வாடையே இல்லை.

நோட்டில் இல்லாத சிலரை அந்தப் பெருநாளில்தான் கண்டுகொண்டோம். புதுக் கட்டட வேலைக்காக வந்து கொட்டகையில் தங்கியிருந்த மேற்கு வங்கத்துத் தம்பிமார்கள். முர்ஷிதாபாத், மால்டா பக்கத்துக்காரர்கள். போகவர நான்கைந்து நாள் ரயில், அத்தனை நாள் கூலியும் போய்விடும் என்பதால் பெருநாளுக்கு ஊருக்குப் போகவில்லை. தொழுகையில் கடைசி வரிசையில் நின்று, ஸலாம் கொடுத்ததும் போய்விடுவார்களாம். வீட்டுக்கு அழைத்தால் கூச்சப்பட்டார்கள். பிறகு அவர்களே ஒன்று கேட்டார்கள்: அடுப்பும் பாத்திரமும் கொடுத்தால் நாங்கள் சமைக்கிறோம், நீங்கள் வாருங்கள். மதரஸா முற்றத்தில் அடுப்பு மூட்டிக் கொடுத்தோம். பாலில் 'செமாய்' காய்ச்சினார்கள், நம் சேமியாவைவிட மெல்லியது. நம் பிள்ளைகள் கிண்ணம் கிண்ணமாக வாங்கிக் குடித்தார்கள். ஒரு தம்பி போனைத் தூக்கிப் பிடித்து ஊரில் இருக்கும் தன் உம்மாவுக்கு எல்லோர் முகத்தையும் காட்டினான். அந்த உம்மா பேசியது ஒன்றும் நமக்குப் புரியவில்லை. துஆ கேட்கிறார்கள் என்று மட்டும் புரிந்து எல்லோரும் ஆமீன் சொன்னோம்.

வெள்ளத்தில் நம்மை ஏற்றிவந்த படகுக்காரச் சகோதரர்களின் வீடுகளுக்கும் இரண்டு பெருநாட்களிலும் போய்வந்தோம். கிறிஸ்துமஸுக்கு அவர்கள் கேக்கோடு வந்தார்கள்.

இனி வரப்போவது. பிப்ரவரி மூன்றாம் வாரத்தில் ரமளான் பிறை, இன்ஷா அல்லாஹ். அதற்கு முன் மூன்று வேலை பாக்கி. வெள்ள நோட்டில் இடம் தீர்ந்துவிட்டது. புது நோட்டு வாங்கி, ஒரு பிரதி பள்ளிவாசலிலும் ஒரு பிரதி பெண்கள் தைக்காவிலும் இருக்க வேண்டும். கட்டடக் கொட்டகைகளுக்கு இப்போதே போய் ஆள் எண்ணிக்கை எடுக்க வேண்டும், அந்தத் தம்பிமார்களில் பாதிப் பேர் மாறியிருப்பார்கள். மூன்றாவது, அழைக்க முன்வருகிற குடும்பங்கள் வரும் ஜும்ஆவுக்குள் பெயர் கொடுக்க வேண்டும். வட்டிலாப்பம் செய்து வைத்துக் காத்திருந்த உம்மாவுக்கு எதிரே இந்த முறை என் வீட்டுப் பெயரை எழுதியிருக்கிறேன். மற்ற கட்டங்கள் காலியாக இருக்கின்றன. நோட்டு வாசலில் மேசை மேல் இருக்கிறது, போகும்போது எழுதிவிட்டுப் போங்கள்.

வஸ்ஸலாம்.

செயலாளர்
காயல்பட்டினம், ஜனவரி 2026