38-க்கு 24

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பேச்சை மாற்றிவிட்டேன். "தோற்கப் போகிறது என்று தெரிந்தும் எங்கள் கல்யாணத்தை ஏன்ப்பா அன்றைக்கு வோட்டுக்கு விட்டார்கள்?" போனில் எனக்கு இதெல்லாம் வராது. எழுதுகிறேன்.

2009 டிசம்பர் 2. தன்பாலினத் திருமணத்தைச் சட்டமாக்கும் மசோதா நியூயார்க் மாநில செனட்டில் வோட்டுக்கு வந்தது. மொத்தம் 62 பேர், நிறைவேற 32 வேண்டும். ஜனநாயகக் கட்சியிடம் இருந்ததும் 32தான். ஆனால் அதில் ஒருவர் ரூபன் டயஸ், பாஸ்டர். அவர் கை தூக்க மாட்டார் என்பது ஊரறிந்த விஷயம். ஆக, எதிர்க்கட்சியிலிருந்து ஆள் வந்தே ஆகவேண்டும்.

திருச்சியில் சங்க வேலை பார்த்த காலத்தில், ஓட்டெடுப்புக்கு முந்தைய ராத்திரி டீக்கடையில் உட்கார்ந்து தலை எண்ணுவோம். "பார்க்கலாம் தோழர்" என்பவனை எதிர்ப்பக்கம் எழுது என்பார் எங்கள் செயலாளர். மாநிலத் தலைநகர் ஆல்பனியில் "பார்க்கலாம்" என்றவர்களை நம் பக்கம் எழுதிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

அதுவும் எந்த நேரத்தில்? ஒரு மாதம் முன்புதான் மெய்ன் மாநிலத்தில் மக்கள் வாக்களித்து இதே சட்டத்தைத் தள்ளியிருந்தார்கள். அதே வாரம் நம் மாநிலத்தின் வடகோடியில் அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு இடைத்தேர்தல். தன்பாலினத் திருமணத்தை ஆதரித்த குடியரசுக் கட்சி வேட்பாளர் டீடி ஸ்கோசாஃபாவாவை அவருடைய ஆட்களே கைவிட்டு, கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர் பின்னால் போனார்கள். வாக்குப்பதிவுக்கு மூன்று நாள் இருக்கும்போது ஸ்கோசாஃபாவா ஒதுங்கிக்கொண்டார். இதைப் பார்த்த குடியரசுக் கட்சி செனட்டர் எவருக்குத் துணிச்சல் வரும்?

பெயரை அகரவரிசையில் வாசிப்பார்கள். இரண்டாவது பெயரே அடாபோ, நியூயார்க் நகரில் நம் குயின்ஸ் பகுதிக்காரர், ஜனநாயகக் கட்சி. எதிர்த்தார். அடுத்து குடியரசுக் கட்சியின் அலெஸி, தலையைக் கையில் தாங்கி உட்கார்ந்திருந்தவர். அவரும் எதிர்த்தார். அப்புறம் யார் வருவார்? ஜெயிக்கிற மசோதாவுக்காகப் பதவியைப் பணயம் வைக்க ஓரிருவர் கிடைப்பார்கள், தோற்கிறதற்கு ஒருத்தனும் கிடைக்க மாட்டான். குடியரசுக் கட்சியின் 30 பேரும் எதிர்ப்பு, ஜனநாயகக் கட்சியில் எட்டுப் பேர். எட்டில் நான்கு பேர் குயின்ஸ்! அந்த 24 உங்களுக்கு உண்மையில் இருந்த ஆதரவு இல்லை, பாப்பா. பயம் போக மிஞ்சியது.

எண்ணியதில் கோட்டை விட்டார்கள், சரி. ஆனால் வோட்டுக்கு விட்டதே தப்பு என்கிறாயே, அங்கே நான் உன்னோடு இல்லை. அன்று வரை ஒவ்வொருவரும் இரண்டு பக்கமும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம் பெயர் பெயராகக் காகிதத்தில் பதிந்துவிட்டது. அதை வைத்துத்தான் மறு வருஷம் எதிர்த்தவர்களில் மூன்று பேரைக் குறிவைத்து உன் ஆட்கள் தேர்தல் வேலை பார்த்தார்கள்: மான்செராட், ஸ்டச்சாவ்ஸ்கி, பதவன். மூவரும் தோற்றார்கள். மான்செராட்டை அடிதடி வழக்கில் செனட்டே வெளியேற்றியிருந்தது, அது வேறு கதை.

2011 ஜூன் 24 இரவு 33-க்கு 29 என்று மசோதா நிறைவேறியது. செனட் அப்போது குடியரசுக் கட்சியின் கையில் இருந்தது, வேடிக்கையைப் பார். அந்தக் கட்சியின் நான்கு ஓட்டு விழுந்தது, அலெஸியும் ஒருவர். அடாபோவும் மாறிவிட்டார். ஜனநாயகக் கட்சியில் மிச்சம் நின்றது டயஸ் மட்டும். அந்த நால்வரில் 2012 தேர்தலுக்குப் பிறகு பதவியில் இருந்தவர் ஒரே ஒருவர். விலையில்லாமல் கிடைத்த ஓட்டு இல்லை அது.

2009-ல் அன்று ராத்திரி நீ அழுதுகொண்டு போன் பண்ணியபோது "சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டேன். வேறெதுவும் கேட்கத் தெரியவில்லை.

பதவன் நம் பெல்ரோஸ் தொகுதிக்காரர், குடியரசுக் கட்சி, உனக்கே தெரியும். குடியுரிமை வாங்கிய நாளிலிருந்து அவருக்குத்தான் போட்டுவந்தேன். 2010 நவம்பரில் அவரை எதிர்த்து நின்ற அவெல்லாவுக்குப் போட்டேன். உன் அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. நீயும் சொல்லிவைக்காதே, அவளுக்கு பதவன் மேல் தனி மரியாதை.

மருமகளுக்கு அம்மா பருப்புப்பொடி அனுப்பியிருக்கிறாள். காரம் குறைவாகத்தான் போட்டிருக்கிறாளாம்.

அன்புடன்,
அப்பா